ஐன்ஸ்டைனும் ஈர்ப்பு அலைகளும்

தேர்வு என்றால் நம்முள் அஞ்சாதவர் யார்? ஆண்டு முழுவதும் நூல்களைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசித் திங்களில் விடிய விடிய விளக்கின் முன் அமர்ந்திருப்பது மாணவர் வழக்கம். எழுதி முடித்த பின்னும் அமைதி இல்லை. முடிவு வெளியாகும் வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஆயினும் நமக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு பாடத்தில் ஒரு முறை தேறிவிட்டால், அதில் மீண்டும் நம்மை எவரும் கேட்பதில்லை. பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம்.

அறிவியல் கொள்கைகளுக்கு அந்த நன்மை இல்லை. நூறு முறை தேறிய கொள்கையையும் நூற்றோராம் முறை இயற்கை தேர்வுக்கு அழைக்கும். அதை வகுத்தவரின் பெயர் எவ்வளவு பெரியது என்று இயற்கை பார்ப்பதில்லை. தோற்றால் தோற்றதுதான். இந்த உண்மையை நன்கு உணர்ந்து வாழ்ந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவர் வாழ்வைப் பல கோணங்களில் பலர் எழுதியிருக்கின்றனர். அவர் தாமே கண்டு, தாமே ஐயுற்று, தாமே மறுத்து, தாமே திருத்திக்கொண்ட ஒரு பொருளைக் கைவிளக்காகக் கொண்டு அவ்வாழ்வை இங்கே பார்ப்போம். அப்பொருள் ஈர்ப்பு அலை.

இளமை

ஐன்ஸ்டைன் 1879-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் ஜெர்மனியில் உல்ம் என்னும் நகரில் பிறந்தார். தந்தை ஹெர்மன், தாய் பவுலீன். மறு ஆண்டே குடும்பம் மியூனிச் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையும் சிற்றப்பாவும் சேர்ந்து மின்சாரக் கருவிகள் செய்யும் தொழில் நடத்தினர். நான்கைந்து வயதில் தந்தை காட்டிய திசைகாட்டி சிறுவனைத் திகைக்க வைத்தது. பெட்டியை எப்படித் திருப்பினாலும் முள் ஒரே திசையை நோக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அம்முள்ளை இயக்குகிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தொழில் நொடித்தது. 1894-இல் பெற்றோர் இத்தாலிக்குச் சென்றனர். படிப்புக்காக மியூனிச்சில் விடப்பட்ட சிறுவன், பள்ளியின் கெடுபிடி பிடிக்காமல் தானும் புறப்பட்டுப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தான். 1895-இல் சூரிச் நகரின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினான். உரிய வயதுக்கு இரண்டு ஆண்டுகள் இளையவன். கணக்கிலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினான். மற்றப் பாடங்களில் தேறவில்லை. உலகம் போற்றும் அறிஞரின் வாழ்க்கையில் முதல் பெருந்தேர்வு தோல்வியில் முடிந்தது என்பதை நம்மில் சிலர் ஆறுதலாகக் கொள்ளலாம். ஓராண்டு ஆராவு நகரப் பள்ளியில் பயின்று, 1896-இல் அதே கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரியிலும் அவர் வகுப்புக்கு ஒழுங்காகச் சென்றவரல்லர். நண்பர் மார்சல் கிராஸ்மன் எழுதி வைத்த குறிப்புகளே தேர்வுக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்தன. 1900-இல் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அலைந்த பின், அதே நண்பருடைய தந்தையின் பரிந்துரையால் 1902-இல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநராக ஓர் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, உடன் பயின்ற மிலேவாவை மணந்தார்.

புதுக் கொள்கை

அந்த அலுவலக மேசையில் இருந்தவர்தாம் 1905-இல் இயற்பியலின் அடித்தளத்தை மாற்றினார். ஒளியின் விரைவு எவர் அளந்தாலும் ஒன்றே. எச்செய்தியும் அதனினும் விரைந்து செல்ல இயலாது என்பது அவ்வாண்டு அவர் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கையின் உயிர்நாடி.

இக்கொள்கை பிறந்தவுடன் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கு ஒரு நெருக்கடி எழுந்தது. நியூட்டன் கணக்கின்படி, கதிரவன் இருந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்தால், அந்த நொடியே பூமி அதை உணரவேண்டும். ஆனால் கதிரவனின் ஒளியே நம்மை அடைய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒளியை முந்தி ஈர்ப்பின் செய்தி மட்டும் எப்படி வந்து சேரும்? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வானியலாரின் துணையாக இருந்த விதியைத் திருத்தியாக வேண்டும்.

1907-இல் அவருக்கு ஒரு வழி தென்பட்டது. உயரத்திலிருந்து விழுகின்ற மனிதன், விழும்போது தன் எடையை உணர்வதில்லை. ஆகவே ஈர்ப்பை மற்ற விசைகளைப்போல் எண்ணுவது தகாது. அது இடமும் காலமும் அமைந்திருக்கும் அமைப்பிலேயே அடங்கியது என்று எண்ணத் தொடங்கினார். எண்ணம் எளிது, கணக்கு கடினம். சூரிச், பிராகு, மீண்டும் சூரிச் என்று பேராசிரியர் பதவிகள் மாறின. வளைந்த வெளியின் கணிதம் அவருக்குத் தெரியாது. மாணவப் பருவத்தில் குறிப்பு கொடுத்த அதே கிராஸ்மன் 1912-இல் அக்கணிதத்தையும் எடுத்துக் காட்டினார். நல்ல நண்பன் ஒருவன் வாய்ப்பது எவ்வளவு பெரிய பேறு!

1915-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெர்லின் நகரின் பிரஷ்ய அறிவியற் கழகத்தில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு கட்டுரைகள் படித்தார். நான்காவது, 25-ஆம் நாள் படித்தது. பொதுச் சார்புக் கொள்கையின் சமன்பாடுகள் அன்று முழு வடிவம் பெற்றன. பொருள் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது. அவ்வளைவின் வழியே பொருள்கள் இயங்குகின்றன. அதுவே நாம் ஈர்ப்பு என்று அழைப்பது. இதுதான் அக்கொள்கையின் சாரம்.

முதல் தேர்வுகள்

கொள்கை அழகாக இருந்தால் போதுமா? மெய்யாகவும் இருக்கவேண்டும். அதனால் ஐன்ஸ்டைன் தாமே தேர்வுத் தாளைக் குறித்துக் கொடுத்தார்.

புதன் கோள் கதிரவனைச் சுற்றும் நீள்வட்டப் பாதை சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கிட்ட பிறகும் நூறு ஆண்டுகளுக்கு 43 விகலை அளவுக்கு ஒரு மிச்சம் இருந்தது. ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கே ஒரு விகலை. அந்தச் சிறு மிச்சத்துக்கு நியூட்டன் விதியில் விடை இல்லை. புதிய சமன்பாடுகள் அதைத் துல்லியமாகத் தந்தன.

அடுத்தது ஒளி வளைதல். இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. கதிரவனின் ஓரமாக வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று 1911-இலேயே அவர் கணக்கிட்டிருந்தார். அப்பொழுது அவர் கொள்கை முழுமை பெறவில்லை. விடையும் சரியான அளவில் பாதியே வந்தது. 1914 ஆகஸ்டு முழுக் கதிரவ மறைப்பின்போது அதைச் சோதிக்க, பிராய்ண்ட்லிக் என்ற ஜெர்மானிய வானியலார் உருசியப் பேரரசின் கிரிமியாவுக்குச் சென்றார். அதே திங்களில் ஜெர்மனிக்கும் உருசியாவுக்கும் போர் மூண்டது. பகை நாட்டார் என்று அவர் சிறைப்பட்டார், கருவிகளும் பறிபோயின. அன்று அவர் படம் எடுத்திருந்தால் ஐன்ஸ்டைனின் கணக்கு தவறு என்றே தெரிந்திருக்கும்! மறு ஆண்டு கொள்கை நிறைவுற்றபோது சரியான விடை, ஏறத்தாழ 1.7 விகலை, கிடைத்தது.

1919 மே 29 அன்று மீண்டும் கதிரவ மறைப்பு. ஆங்கிலேயரான எடிங்டன் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிப்பி தீவுக்கும், மற்றொரு குழுவினர் பிரேசில் நாட்டின் சோப்ராலுக்கும் சென்று படம் எடுத்தனர். முடிவு நவம்பர் 6-இல் லண்டனில் அறிவிக்கப்பட்டது. ஐன்ஸ்டைனின் கணக்கு வென்றது. நான்கு ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு நாடுகளுள், ஒரு நாட்டார் கண்ட கொள்கையை மற்ற நாட்டார் கடல் கடந்து சென்று மெய்ப்பித்தனர். ஒரே நாளில் ஐன்ஸ்டைனின் பெயர் உலகெங்கும் பரவியது.

அலை உண்டா, இல்லையா?

புகழ் வந்த இக்கதை பலரும் அறிந்தது. அதன் நிழலில் மறைந்து கிடந்த கதை வேறு.

ஈர்ப்பின் செய்தி ஒளியை முந்தாது என்றால், அச்செய்தி ஏதோ ஒரு விரைவில் பரவியாக வேண்டும். குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவதுபோல, பெரும் பொருள்கள் சுழலும்போது இட காலத்தின் வளைவே அலையாகப் பரவவேண்டும். அந்த அலை நம் வழியே கடந்து சென்றால், ஒரு திசையில் நீளம் சற்றுக் கூடும். அதற்குக் குறுக்குத் திசையில் சற்றுக் குறையும். மறு கணம் இது மாறி நிகழும்.

ஆனால் ஐன்ஸ்டைன் முதலில் இதை நம்பவில்லை. 1916 பிப்ரவரியில், போர்முனையில் பணிபுரிந்துகொண்டே கொள்கையின் முதல் துல்லியமான விடையைக் கண்ட சுவார்ஸ்சைல்டு என்ற அறிஞருக்கு எழுதிய மடலில், ஒளியலை போன்ற ஈர்ப்பு அலைகள் இல்லை என்று தெரிவித்தார். அதே ஆண்டு ஜூனில் அலைகள் உண்டு என்று கட்டுரை படித்தார். அக்கட்டுரையில் பெரும்பிழை ஒன்று இருந்தது. 1918-இல் பிழையை ஒப்புக்கொண்டு மற்றொரு கட்டுரையில் திருத்தினார். அதிலும் ஒரு பிழை. ஆற்றலின் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. அதை 1922-இல் எடிங்டன் திருத்தினார்.

இவ்வளவு பெரிய அறிஞர் ஏன் இப்படித் தடுமாறினார்? காரணம் இருக்கிறது. இரயிலில் செல்பவனுக்கு வெளியே மரங்கள் ஓடுவதுபோல் தோன்றும். ஓடுவது மரமா, தான் அமர்ந்திருக்கும் வண்டியா என்பதை அவன் நின்று எண்ணவேண்டும். பொதுச் சார்புக் கொள்கையில் அளவுகோலும் கடிகாரமும் நாம் தேர்ந்துகொள்பவை. கணக்கில் ஓர் அலை தோன்றினால், அது இயற்கையில் உள்ள அலையா, நாம் தேர்ந்துகொண்ட அளவுகோலின் ஆட்டமா என்று பிரித்தறிவது எளிதன்று. சில அலைகள் வெறும் கணக்கின் மாயை என்று எடிங்டன் காட்டியதும் ஐயத்தை வளர்த்தது.

ஒரு சினமும் ஒரு திருத்தமும்

காலம் உருண்டது. 1921-க்குரிய நோபல் பரிசு 1922-இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் சார்புக் கொள்கைக்கு அன்று. ஒளிமின் விளைவின் விதியைக் கண்டதற்கு. 1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் என்ற இளைஞர் அனுப்பிய கட்டுரையைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அறியாத நாட்டின் அறியாத இளைஞர் என்று ஒதுக்காத அப்பெருந்தன்மையை நம் நாடு மறக்க இயலாது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதராகிய ஐன்ஸ்டைன் ஜெர்மனியை நீத்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார்.

அங்கே 1936-இல், இளம் உதவியாளர் நாதன் ரோசனுடன் சேர்ந்து ஈர்ப்பு அலைகளை மீண்டும் ஆராய்ந்தார். இம்முறை தோராயக் கணக்கை விட்டு முழுச் சமன்பாடுகளையே எடுத்துக்கொண்டனர். கணக்கின் ஓரிடத்தில் எண்கள் எல்லையின்றிப் பெருகின. ஆகவே ஈர்ப்பு அலைகள் இல்லவே இல்லை என்ற முடிவுக்கு வந்து, பிஸிகல் ரிவ்யூ என்ற அமெரிக்க ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினர்.

இதழாசிரியர் ஜான் டேட் அதை அச்சிடுமுன் ஒரு வல்லுநரின் பார்வைக்கு அனுப்பினார். வல்லுநரோ கட்டுரையில் பிழை இருப்பதாகப் பத்துப் பக்கம் எழுதித் தந்தார். ஐன்ஸ்டைனுக்குச் சினம் வந்தது. அச்சிடுவதற்கு அனுப்பியதைப் பிறரிடம் காட்ட இதழாசிரியருக்கு உரிமை தரவில்லை என்று மடல் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இதழுக்கு அதன்பின் ஆய்வுக் கட்டுரை எதுவும் அவர் அனுப்பவில்லை. அறிஞரும் மனிதரே. உலகமே போற்றிய ஒருவரின் கணக்கைப் பெயர் தெரியாத ஒருவர் குறை கூறினால் உள்ளம் பொறுக்குமா?

அந்தப் பெயர் தெரியாத வல்லுநர், அதே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்சன். இது பல்லாண்டுகளுக்குப் பின்னரே உறுதியாயிற்று. ரோசன் அதற்குள் சோவியத் நாட்டுக்குப் போய்விட்டார்; அவர் இடத்தில் இன்பெல்டு என்ற புதிய உதவியாளர் வந்திருந்தார். ராபர்ட்சன் தாம்தான் அந்த வல்லுநர் என்று காட்டிக்கொள்ளாமல், நட்பு முறையில் இன்பெல்டிடம் பேசிப் பிழையை விளக்கினார். நிலவுலகின் வடமுனையில் எல்லா நெடுங்கோடுகளும் ஒன்று கூடுகின்றன. அதனால் அங்கே பூமியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று எவரேனும் சொல்வாரா? கோடுகள் நாம் வரைந்தவை. அதுபோலவே கட்டுரையில் கண்ட இடர் அளவுகோலின் இடரே. இயற்கையின் இடர் அன்று. உருளை வடிவில் பரவும் அலையாகக் கொண்டால் அது மறைந்துபோகும்.

இன்பெல்டு இதை ஐன்ஸ்டைனிடம் சொல்லச் சென்றார். ஐன்ஸ்டைனும் அதற்குள் தம் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுவிட்டிருந்தார். மறுநாளோ, ஈர்ப்பு அலைகள் இல்லை என்பது பற்றிப் பிரின்ஸ்டனில் அவர் பேசவேண்டும்! அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவையின் முன் நின்று, தம் மெய்ப்பிப்பில் உள்ள பிழையையே எடுத்துக் காட்டினார். அலைகள் உண்டா, இல்லையா என்பது தமக்குத் தெரியாது என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். வேறோர் இதழில் அச்சேறிக்கொண்டிருந்த கட்டுரையை, மெய்ப்புத் திருத்தும் நிலையில் முடிவையே மாற்றி எழுதினார். 1937-இல் அது வெளிவந்தபோது, அலை இல்லை என்ற கட்டுரை அலை உண்டு என்ற கட்டுரையாக மாறியிருந்தது.

சினம் அவருடைய குறை. திருத்தம் அவருடைய பெருமை. குறையை மட்டும் கூறி நகைப்பதும், பெருமையை மட்டும் கூறிக் கைகூப்புவதும் நமக்குப் பயன்படா. பிழை தம்முடையது என்று தெரிந்தவுடன் பலர் முன் அதைச் சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. அதுவே நாம் கற்கவேண்டியது.

தம் பெயராலேயே எதையும் நிலைநாட்ட முடியாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1930-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் என்ற 19 வயது தமிழ் இளைஞர், இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலேயே, வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அதனை மீறியவை என்ன ஆகும்? அவ்வினா கருந்துளைக்குக் கொண்டுசெல்லும். 1935-இல் எடிங்டன் அதை அவையில் எள்ளி நகையாடினார். 1939-இல் ஐன்ஸ்டைனும், அத்தகைய பொருள்கள் இயற்கையில் அமைய இயலா என்று கட்டுரை எழுதினார். இருவரும் பேரறிஞர், இங்கே இருவரும் பிழைபட்டனர். சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மறைவுக்குப் பின்

1955 ஏப்ரல் 18-ஆம் நாள் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஐன்ஸ்டைன் மறைந்தார். அறுவை மருத்துவத்தை அவர் விரும்பவில்லை. ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கொள்கையில் அடக்கும் கணக்குகளைக் கடைசி நாட்களிலும் தொடர்ந்தார், அது நிறைவேறவில்லை. ஈர்ப்பு அலைகளை எவரும் காணவும் இல்லை.

அலைகள் ஆற்றலைச் சுமந்து செல்லும் என்பது 1957-க்குப் பின்னரே அறிஞரிடையே நன்கு வேரூன்றியது. 1960-களில் அமெரிக்கரான ஜோசப் வெபர் அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு அலைகளைத் தேடினார். 1969-இல் கண்டதாகவும் அறிவித்தார். மற்றவர் முயன்றபோது கிட்டவில்லை. ஆயினும் தேடலாம் என்ற துணிவை உலகுக்கு அவர் ஊட்டினார்.

1974-இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இருவர், போர்ட்டோ ரிக்கோவில் அன்றிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியால், ஒன்றையொன்று 7.75 மணி நேரத்தில் சுற்றும் இரு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டனர். அவை அலைகளை வீசினால் ஆற்றலை இழக்கும், இழந்தால் நெருங்கும், நெருங்கினால் சுற்றும் நேரம் குறையும். பல ஆண்டுகள் அளந்ததில், ஆண்டுக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 76 பங்கு குறைவது தெரிந்தது. 1918-இல் கண்டு 1922-இல் திருத்தப்பட்ட கணக்கு அப்படியே பொருந்தியது. அதே அளவீடு வேறு சில கொள்கைகளைத் தள்ளியது. அவற்றுள் ஒன்று, ரோசன் பிற்காலத்தில் தாமே வகுத்த ஈர்ப்புக் கொள்கை!

பின்னர் வந்தது 2015 செப்டம்பர் 14. அமெரிக்காவில் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு லைகோ நிலையங்களில், நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்களில் லேசர் ஒளி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிலையத்தில் நீளம் அசைந்தது; 7 மில்லி நொடி கழித்து மற்றதிலும் அசைந்தது. அசைவின் அளவு, அணுவின் உள்ளே இருக்கும் புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு! 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில், கதிரவனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரு கருந்துளைகள் மோதி ஒன்றான நிகழ்ச்சி அது. மூன்று கதிரவன் எடைக்கு ஈடான ஆற்றல் அலையாகப் பரவியது. ஐன்ஸ்டைன் ஐயுற்ற அலை, அவர் மறுத்த கருந்துளை, இரண்டும் ஒரே நாளில் ஒன்றுக்கொன்று சான்றாக வந்து நின்றன. இரண்டையும் முன்கூட்டியே சொன்னதோ அவருடைய சமன்பாடுகள். படைத்தவரைவிட அவர் படைப்பு நேர்மையாக இருந்தது!

முடியாத தேர்வு

அலையைக் கண்டதோடு வேலை முடிந்ததா? இல்லை. அலையே இப்போது தேர்வாளர் ஆகிவிட்டது.

முதல் வினா, அலையின் விரைவு. 2017 ஆகஸ்டு 17 அன்று 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தது. ஏறத்தாழ 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர்கள் வந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இரண்டு நொடிகூட வேறுபாடு இல்லை. ஈர்ப்பின் விரைவும் ஒளியின் விரைவும் பத்துக் கோடி கோடியில் சில பங்குக்கு மேல் வேறுபடவில்லை என்று இதனால் தெளிந்தது. பேரண்டத்தின் விரிவு ஏன் விரைவுபடுகிறது என்பதை விளக்க ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதிய பல கொள்கைகள், ஈர்ப்பு அலை வேறு விரைவில் செல்லும் என்றன. அந்த ஒரு நாளில் அவை வீழ்ந்தன.

இரண்டாவது வினா, ஈர்ப்பைச் சுமக்கும் துகளுக்கு எடை உண்டா என்பது. எடை உண்டெனில், குறைந்த அதிர்வுள்ள அலைப்பகுதி பின்தங்கி வரும். அலையின் வடிவம் குலையும். இதுவரை அப்படிக் குலைந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது, அலை எத்தனை வகையில் நீட்டிக் குறுக்கும் என்பது. ஐன்ஸ்டைன் கொள்கையில் இரண்டே வகை. வேறு கொள்கைகளில் ஆறு வரை இருக்கலாம். பல நிலையங்கள் ஒன்றாகக் கேட்டால்தான் இதைத் தெளிவாகப் பிரிக்கலாம்.

நான்காவது, மோதி ஒன்றான கருந்துளை மணிபோல் ஒலித்து அடங்கும் முறை. தட்டிய மணியின் ஓசையைக் கேட்டே அதன் தன்மையைச் சொல்வதுபோல், அந்த ஒலிப்பிலிருந்து கருந்துளையின் எடையையும் சுழற்சியையும் அறியலாம். இவ்வொலிப்பை 1970-இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் நம் நாட்டின் விசுவேசுவரா. கருந்துளையின் மேற்பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் சொன்ன விதியும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. 2025 ஜனவரி 14-இல் வந்த தெளிவான அலையில், மோதுமுன் இரண்டின் பரப்பும் கூடி ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் ஏறத்தாழ 4,00,000. விதி நின்றது.

இத்தனை தேர்வுகளிலும் பொதுச் சார்புக் கொள்கை தேறியிருக்கிறது. ஆனால் அணுவுலகின் குவாண்டக் கொள்கையும் இதுவும் இன்னும் ஒன்றுபடவில்லை. எங்கோ ஓரிடத்தில் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டாக வேண்டும். அந்த இடம் எது? அதைத் தேடித்தான் கருவிகள் மேலும் கூர்மையாக்கப்படுகின்றன. புனேக்கு அருகிலுள்ள வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு நம் நாட்டு அறிஞர் துடிப்பு விண்மீன்களை அளந்து, பெருங்கருந்துளைகளின் மெதுவான அலைகளைத் தேடும் உலகப் பணியில் பங்கு கொண்டுள்ளனர். 2023-இல் அவ்வலைகளுக்குச் சான்று வெளியாயிற்று. அதே ஆண்டு, மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் லைகோ நிலையம் ஒன்று அமைக்க நம் அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

நண்பர்களே, அத்தகைய நிலையங்களுக்கு வேண்டுவது எஃகும் லேசரும் மட்டுமல்ல, மனிதரும் வேண்டும். இவ்வரிகளைப் படிப்போருள் ஒருவர் ஒரு நாள் அங்கே அமர்ந்து, ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற முடிவைக் கையில் ஏந்தி நிற்கவும் கூடும். அதனால் அவருக்குச் சிறுமை இல்லை. தம் கணக்கின் பிழையை அவை நடுவே தாமே எடுத்துரைத்த அம்மனிதர் இருந்திருந்தால், பிழை எங்கே என்று கேட்டு முதலில் தாளையும் பென்சிலையும் எடுத்திருப்பார்.